செயலி மெனுவை வகைபிரித்து ஒழுங்காக்குவது எப்படி: லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கான முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் மெனுவில் ஒரு செயலி பொருந்தாத இடத்தில் இருந்தால், அதை இழுத்து வேறு வகைக்குள் போடத்தான் முதலில் தோன்றும். மெனு எடிட்டர்கள் அதற்கு இடம் தருகின்றன. ஆனாலும் அங்கிருந்து தொடங்குவது நல்லதல்ல. "கிராஃபிக்ஸ்" என்ற மெனுவுக்குள் எந்தச் செயலியும் வைக்கப்பட்டிருப்பதில்லை. ஒவ்வொரு செயலியும் தான் எந்த வகை என்பதைத் தன் கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. "கிராஃபிக்ஸ் என்று எழுதியிருப்பவை எல்லாம் இங்கே வரட்டும்" என்ற விதி மட்டும்தான் மெனுவில் இருக்கிறது. இந்த அமைப்பு புரிந்துவிட்டால், எந்த மாற்றத்தை எங்கே செய்ய வேண்டும் என்பதும், செய்தது ஏன் பலிக்கவில்லை என்பதும் தானாகவே தெளிவாகும்.

கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன், மாட்டே, எல்எக்ஸ்க்யூடி ஆகிய டெஸ்க்டாப் சூழல்கள் (திரையில் மெனு, பேனல், சாளரங்களைத் தரும் மென்பொருள்கள்) எல்லாமே, லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்குப் பொது விதிகள் வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் ஒரே மெனு விதிமுறையைப் பின்பற்றுகின்றன. க்னோம் மட்டும் சற்று விலகி நிற்கிறது. அதற்குத் தனிப் பகுதி கீழே உண்டு. கோப்புப் பெயர்களும் வரிகளும் இங்கே உச்சரிப்புப்படி தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல் எழுத வேண்டும். வகைப்பெயரில் ஓர் எழுத்து பெரிதாகவோ சிறிதாகவோ மாறினாலும் அது வேறு பெயராகிவிடும்.

மூன்று வகைக் கோப்புகள்

முதலாவது, டெஸ்க்டாப் கோப்பு. செயலி ஒவ்வொன்றுக்கும் ".டெஸ்க்டாப்" என்று முடியும் ஒரு சிறிய உரைக்கோப்பு இருக்கும். பெயர், படவுரு, இயக்க வேண்டிய கட்டளை, வகைகள் எல்லாம் அதில் உண்டு. வகைகள் "கேட்டகரீஸ்=" என்று தொடங்கும் வரியில், அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரும். எடுத்துக்காட்டாக, "கேட்டகரீஸ்=கிராஃபிக்ஸ்;ஃபோட்டோகிராஃபி;". கடைசிப் பெயருக்குப் பின்னும் ஓர் அரைப்புள்ளி வைப்பது வழக்கம்.

இரண்டாவது, டைரக்டரி கோப்பு. ஒரு வகை மெனுவின் பெயரும் படவுருவும் இதில் இருக்கும். செயலிகளைப் பற்றி எதுவும் இருக்காது. "கிராஃபிக்ஸ்" என்ற தலைப்பு உங்களுக்கு "வரைகலை" என்று தெரிகிறதென்றால், இந்தக் கோப்பில் தமிழ்ப் பெயருக்கான வரி இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, மெனு கோப்பு. எக்ஸ்எம்எல் வடிவத்தில் ("உறுப்பு" எனப்படும் குறிச்சொற்களுக்குள் தகவலை எழுதும் முறை) விதிகள் இருப்பது இதில்தான்: எந்த வகை எந்த மெனுவுக்குள் வரும், எது விலக்கப்படும், எந்த வரிசையில் நிற்கும்.

இவை இருக்கும் இடங்கள் வருமாறு. பொதிகள் (உங்கள் லினக்ஸே தரும் நிறுவல் தொகுப்புகள்) வழியாக நிறுவிய செயலிகளின் டெஸ்க்டாப் கோப்புகள் "/யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்" கோப்புறையில் இருக்கும். ஃபிளாட்பேக்கும் ஸ்னாப்பும் பல லினக்ஸ்களில் ஓடும் தனி நிறுவல் வடிவங்கள். எல்லாப் பயனருக்குமாக நிறுவிய ஃபிளாட்பேக் செயலிகளுக்கு "/வார்/லிப்/ஃபிளாட்பேக்/எக்ஸ்போர்ட்ஸ்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்"; ஸ்னாப் செயலிகளுக்கு "/வார்/லிப்/ஸ்னாப்டி/டெஸ்க்டாப்/அப்ளிகேஷன்ஸ்". உங்களுக்கே உரியது வீட்டுக் கோப்புறையின் (உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) உள்ளே ".லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்". டைரக்டரி கோப்புகளுக்கு ".லோக்கல்/ஷேர்/டெஸ்க்டாப்-டைரக்டரீஸ்", மெனு கோப்புகளுக்கு ".கான்ஃபிக்/மெனுஸ்". அமைப்பு முழுமைக்குமான மெனு கோப்புகள் "/இடிசி/எக்ஸ்டிஜி/மெனுஸ்" என்ற இடத்தில் கிடக்கும்.

புள்ளியில் தொடங்கும் கோப்புறைகள் மறைந்திருக்கும். கோப்பு மேலாளரில் கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: ஒரே பெயருள்ள டெஸ்க்டாப் கோப்பு இரண்டு இடங்களில் இருந்தால், உங்கள் வீட்டுக் கோப்புறையில் இருப்பதே செல்லும். இரண்டும் கலக்கப்படுவதில்லை, அமைப்பில் உள்ள கோப்பு முழுமையாகப் புறக்கணிக்கப்படும்.

கை வைக்கும் முன்

".கான்ஃபிக்/மெனுஸ்", ".லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்", ".லோக்கல்/ஷேர்/டெஸ்க்டாப்-டைரக்டரீஸ்" ஆகிய மூன்று கோப்புறைகளையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். அளவில் மிகச் சிறியவை. இந்த நகல் இருந்தால் எந்தக் குழப்பத்திலிருந்தும் ஒரு நிமிடத்தில் மீளலாம்.

"/யூஎஸ்ஆர்" கோப்புறைக்குள் இருக்கும் எதையும் நேரடியாகத் திருத்தாதீர்கள். திருத்தினால் வேலை செய்யும். ஆனால் அந்தப் பொதி அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது உங்கள் திருத்தம் சொல்லாமல் அழிந்துவிடும்.

பிறகு, என்ன வகைகள் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். விதிமுறையில் முதன்மை வகைகள் 13 உள்ளன: ஆடியோவீடியோ, ஆடியோ, வீடியோ, டெவலப்மென்ட், எஜுகேஷன், கேம், கிராஃபிக்ஸ், நெட்வொர்க், ஆஃபிஸ், சயின்ஸ், செட்டிங்ஸ், சிஸ்டம், யுடிலிட்டி. ஆடியோ அல்லது வீடியோ என்று எழுதும் செயலி ஆடியோவீடியோ என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதனால்தான் பெரும்பாலான மெனுக்களில் இரண்டும் "மல்டிமீடியா" என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. இவற்றின் கீழ் வெப்பிரவுசர், ஈமெயில், டெக்ஸ்ட்எடிட்டர், ஃபோட்டோகிராஃபி, டெர்மினல்எமுலேட்டர் போன்ற துணை வகைகள் நிறைய உண்டு. புதிய மெனு வேண்டுமென்றால், ஏற்கெனவே உள்ள துணை வகை ஒன்றைப் பயன்படுத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். பல செயலிகள் அதை ஏற்கெனவே சுமந்திருக்கும். நீங்கள் ஒவ்வொரு கோப்பாகத் திறக்க வேண்டியிருக்காது.

எங்கள் பரிந்துரை, மேல்மட்டத்தில் பத்துக்குக் குறைவான வகைகள். இரண்டே செயலிகள் உள்ள மெனுவைத் தனியாக வைப்பதால் ஒரு கிளிக் கூடுகிறதே தவிரத் தேடல் எளிதாவதில்லை.

ஒரு செயலியின் வகையை மாற்றுதல்

ஒன்றிரண்டு செயலிகள்தான் இடம் மாறியிருக்கின்றன என்றால் இந்த வழி போதும்.

1. செயலியின் டெஸ்க்டாப் கோப்பு எது என்று கண்டுபிடியுங்கள். கோப்பின் பெயரும் மெனுவில் தெரியும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஃபிளாட்பேக் செயலிகளின் கோப்புப் பெயர் "ஆர்க்.ஜிம்ப்.ஜிம்ப்.டெஸ்க்டாப்" போலத் தலைகீழ் இணையமுகவரி வடிவில் இருக்கும். தெரியாவிட்டால் மேலே சொன்ன கோப்புறைகளில், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரம்) க்ரெப் என்ற தேடல் கட்டளையால் செயலியின் பெயரைத் தேடுங்கள்.

2. அந்தக் கோப்பை ".லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்" கோப்புறைக்கு நகலெடுங்கள். பெயரை மாற்றாதீர்கள். பெயர் மாறினால் பழையதும் புதியதுமாக மெனுவில் இரண்டு பதிவுகள் தெரியும்.

3. நகலை உரை எடிட்டரில் திறங்கள். இரட்டைக் கிளிக் செய்தால் சில கோப்பு மேலாளர்கள் செயலியையே இயக்கிவிடும். வலது கிளிக் செய்து எடிட்டரைத் தேர்ந்தெடுப்பதே சரி.

4. "கேட்டகரீஸ்=" வரியைத் திருத்துங்கள். அது "[டெஸ்க்டாப் என்ட்ரி]" என்ற தலைப்பின் கீழ்தான் இருக்க வேண்டும். சில கோப்புகளில் "புதிய சாளரம்" போன்ற கூடுதல் செயல்களுக்காக "[டெஸ்க்டாப் ஆக்ஷன் …]" என்று தொடங்கும் பகுதிகள் கீழே வரும். கோப்பின் கடைசியில் போய் வரியைச் சேர்ப்பவர்கள் தெரியாமல் அந்தப் பகுதிக்குள் எழுதிவிடுகிறார்கள். அங்கே எழுதிய வகை மெனுவில் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தாது.

5. சேமித்த பிறகு "டெஸ்க்டாப்-ஃபைல்-வாலிடேட்" கட்டளையைக் கோப்பின் பெயரோடு இயக்குங்கள். எதுவும் அச்சாகவில்லை என்றால் கோப்பு சரி. பதிவு பெறாத வகைப்பெயர் என்று எச்சரித்தால், எழுத்துப்பிழையா என்று பாருங்கள். நீங்களே உருவாக்கிய வகை என்றால் அதன் முன்னால் "எக்ஸ்-" சேர்க்க வேண்டும். விதிமுறை சொந்த வகைகளுக்கு ஒதுக்கியிருக்கும் முன்னொட்டு அதுதான்.

டெர்மினலில் பழகியவர்கள் எடிட்டர் இல்லாமலே முடிக்கலாம். "டெஸ்க்டாப்-ஃபைல்-எடிட்" கட்டளைக்கு "--ஆட்-கேட்டகரி=" என்றும் "--ரிமூவ்-கேட்டகரி=" என்றும் தேர்வுகள் உண்டு. வாலிடேட் கட்டளையும் இதுவும் "டெஸ்க்டாப்-ஃபைல்-யுடில்ஸ்" என்ற ஒரே பொதியில் வருகின்றன.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. நகலெடுத்த நாளோடு அந்தக் கோப்பு உறைந்துவிடுகிறது. பின்னால் வரும் பதிப்பில் இயக்கும் கட்டளையோ படவுருவோ மாறினால், உங்கள் நகல் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். செயலியை நீக்கினாலும் நகல் போகாது. மெனுவில் வெற்றுப் பதிவாக நிற்கும். ஆகவே ஐந்தாறு செயலிகளுக்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் நகல்களைப் பெருக்காமல் விதியை மாற்றுங்கள்.

மறைத்தல்

மெனு நெரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் வகைப்பிரிப்பு அல்ல, ஒருபோதும் திறக்காத பதிவுகள். முன்சொன்னபடி நகலெடுத்து, "நோடிஸ்ப்ளே=ட்ரூ" என்ற வரியைச் சேர்த்தால் பதிவு மெனுவிலிருந்து மறையும். கோப்பை வலது கிளிக் செய்து "இதில் திற" என்று தேர்ந்தெடுக்கும் வசதி அப்படியே இருக்கும்.

"ஹிடன்=ட்ரூ" என்பதும் மறைக்கும்; ஆனால் அதன் பொருள் வேறு. அந்தக் கோப்பே நீக்கப்பட்டுவிட்டதாக அமைப்பு எடுத்துக்கொள்ளும். கோப்பு வகைகளோடு செயலிக்கு இருந்த தொடர்பும் அறும். படங்களைத் திறக்கும் செயலியை இப்படி மறைத்துவிட்டு, படத்தை இரட்டைக் கிளிக் செய்தால் ஏன் வேறு ஏதோ திறக்கிறது என்று குழம்புவது அடிக்கடி நடக்கிறது. மெனுவைச் சுத்தப்படுத்த நோடிஸ்ப்ளே போதும்.

புதிய வகை மெனு உருவாக்குதல்

"புகைப்படம்" என்று தனி மெனு வேண்டும், ஃபோட்டோகிராஃபி துணை வகை உள்ள செயலிகள் எல்லாம் அதில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி, டைரக்டரி கோப்பு. ".லோக்கல்/ஷேர்/டெஸ்க்டாப்-டைரக்டரீஸ்" கோப்புறைக்குள் "ஃபோட்டோ.டைரக்டரி" என்ற கோப்பை உருவாக்குங்கள், கோப்புறை இல்லையென்றால் அதையும் உருவாக்குங்கள். உள்ளே நான்கு வரிகள்: முதல் வரியில் "[டெஸ்க்டாப் என்ட்ரி]" என்ற தலைப்பு, பிறகு "டைப்=டைரக்டரி", "நேம்=" என்பதற்கு எதிரே மெனுவின் பெயர், "ஐகான்=" என்பதற்கு எதிரே படவுருவின் பெயர். பெயரைத் தமிழிலேயே எழுதலாம். கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். படவுருவுக்கு முழுப் பாதை தேவையில்லை, படவுருத் தொகுப்பில் உள்ள பெயரே போதும்.

இரண்டாம் படி, மெனு கோப்பு. ".கான்ஃபிக்/மெனுஸ்" கோப்புறைக்குள் "அப்ளிகேஷன்ஸ்-மெர்ஜ்ட்" என்று ஒரு கோப்புறை உருவாக்கி, அதில் "ஃபோட்டோ.மெனு" என்ற கோப்பை வையுங்கள். இந்தக் கோப்புறையில் இருக்கும் மெனு கோப்புகள் எல்லாம் முதன்மை மெனுவோடு தாமாக இணைக்கப்படும். முதன்மைக் கோப்பைத் தொடாமலே உங்கள் விதியைச் சேர்க்க முடிவதால் இதுதான் பாதுகாப்பான வழி.

எக்ஸ்எம்எல் எழுதிப் பழக்கமில்லை என்றால் வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்காதீர்கள். "/இடிசி/எக்ஸ்டிஜி/மெனுஸ்" கோப்புறையில் உங்கள் டெஸ்க்டாப்பின் மெனு கோப்பைத் திறந்து, கிராஃபிக்ஸுக்கான தொகுதியை நகலெடுங்கள். அதில் நான்கு உறுப்புகள் இருக்கும். எல்லாவற்றையும் சுற்றி "மெனு". உள்ளே மெனுவின் அகப்பெயரைச் சொல்லும் "நேம்". டைரக்டரி கோப்பின் பெயரைச் சொல்லும் "டைரக்டரி". கடைசியாக "இன்க்ளூட்", அதன் உள்ளே "கேட்டகரி". நேம் உறுப்பில் "ஃபோட்டோ", டைரக்டரி உறுப்பில் "ஃபோட்டோ.டைரக்டரி", கேட்டகரி உறுப்பில் "ஃபோட்டோகிராஃபி" என மூன்று சொற்களை மட்டும் மாற்றுங்கள். பிறகு முழுத் தொகுதியையும் இன்னொரு "மெனு" உறுப்புக்குள் அடக்கி, அந்த வெளி மெனுவின் நேம் "அப்ளிகேஷன்ஸ்" என்று கொடுங்கள். வெளி உறையை மறந்துவிட்டால் உங்கள் விதி துணை மெனுவாகாமல் மேல்மட்டத்திலேயே கலந்துவிடும்.

வகையாக அல்லாமல் குறிப்பிட்ட செயலிகளை மட்டும் சேர்க்க, "கேட்டகரி" இருக்கும் இடத்தில் "ஃபைல்நேம்" உறுப்பை எழுதி, டெஸ்க்டாப் கோப்பின் பெயரைக் கொடுக்கலாம். செயலியின் கோப்பை நகலெடுக்கவே தேவையில்லாமல் வேலை முடிவதால், உறைந்துபோன நகல் என்ற சிக்கல் இதில் எழாது. பல சொந்த வகைகளை நெடுநாள் பராமரிக்கப்போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

இரண்டு இடங்களில் தெரியும் செயலி

இப்போது புகைப்படச் செயலிகள் புதிய மெனுவிலும் தெரியும், கிராஃபிக்ஸிலும் தெரியும். இது பிழையல்ல, அவற்றின் கோப்பில் இரண்டு வகையும் எழுதியிருப்பதால் இரண்டு விதிகளும் பொருந்துகின்றன. பழைய இடத்திலிருந்து எடுக்க, கிராஃபிக்ஸ் மெனுவில் "எக்ஸ்க்ளூட்" விதி தேவை: ஃபோட்டோகிராஃபி உள்ளவை இங்கே வேண்டாம்.

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். இன்க்ளூட், எக்ஸ்க்ளூட் விதிகள் மேலிருந்து கீழாக, எழுதிய வரிசையில் செயல்படுகின்றன. எக்ஸ்க்ளூட் தனக்கு முன்பு சேர்க்கப்பட்டவற்றை மட்டுமே நீக்கும். உங்கள் கோப்பு எந்த இடத்தில் இணைக்கப்படும் என்பதை முதன்மைக் கோப்பில் உள்ள "டிஃபால்ட்மெர்ஜ்டிர்ஸ்" உறுப்பு தீர்மானிக்கிறது. அது கிராஃபிக்ஸ் தொகுதிக்கு மேலே இருந்தால், உங்கள் எக்ஸ்க்ளூட் முதலில் ஓடி, பிறகு முதன்மைக் கோப்பின் இன்க்ளூட் அதே செயலிகளைத் திரும்பச் சேர்த்துவிடும். விதி சரி, வரிசைதான் தவறு.

அப்படியானால் முதன்மை மெனு கோப்பையே ".கான்ஃபிக்/மெனுஸ்" கோப்புறைக்கு அதே பெயரில் நகலெடுத்து, அதிலுள்ள கிராஃபிக்ஸ் தொகுதியில் இன்க்ளூடுக்குக் கீழே எக்ஸ்க்ளூட்டை எழுதுங்கள். கோப்பின் பெயர் டெஸ்க்டாப்புக்கு ஏற்ப மாறும், எக்ஸ்எஃப்சிஇ என்றால் "எக்ஸ்எஃப்சிஇ-அப்ளிகேஷன்ஸ்.மெனு". உங்களுடையது எந்த முன்னொட்டு என்பதை "எக்ஸ்டிஜி_மெனு_ப்ரீஃபிக்ஸ்" என்ற சூழல் மாறியை (அமைப்பு பெயரிட்டு வைத்திருக்கும் ஒரு மதிப்பு) டெர்மினலில் அச்சிட்டுப் பார்த்து அறியலாம்.

ஒரே செயலி இரண்டு முறை தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொதியாகவும் ஃபிளாட்பேக்காகவும் இருமுறை நிறுவியிருந்தால் இரண்டு டெஸ்க்டாப் கோப்புகள் வெவ்வேறு பெயரில் இருக்கும். மெனு விதியால் இதைச் சரிசெய்ய முயலாதீர்கள், ஒன்றை நீக்கிவிடுங்கள்.

வரிசை

எதுவும் சொல்லாவிட்டால் அகரவரிசைதான். மாற்ற "லேஅவுட்" உறுப்பில் மெனுக்களின் அகப்பெயர்களை வேண்டிய வரிசையில் எழுதலாம். இடையில் கோடு வேண்டுமானால் "செப்பரேட்டர்". கடைசியில் "மெர்ஜ்" உறுப்பை, "மெனுஸ்" வகைக்கு ஒன்றும் "ஃபைல்ஸ்" வகைக்கு ஒன்றுமாகச் சேர்க்க மறக்காதீர்கள். பெயர் சொல்லாத மற்றவை எங்கே வர வேண்டும் என்பதை அது சொல்கிறது. அது இல்லையென்றால், பட்டியலில் இல்லாத எந்த மெனுவும் தெரியாது.

கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ, க்னோம்

பிளாஸ்மாவில் மெனு பொத்தானை வலது கிளிக் செய்தால் மெனு எடிட்டரைத் திறக்கும் தேர்வு கிடைக்கும். நீங்கள் இழுத்துப் போடுவதெல்லாம் ".கான்ஃபிக்/மெனுஸ்" கோப்புறையில் "அப்ளிகேஷன்ஸ்-கேமெனுஎடிட்.மெனு" என்ற கோப்பில் இன்க்ளூட், எக்ஸ்க்ளூட் விதிகளாகப் பதிவாகின்றன. எதிர்பாராமல் குலைந்தால் எடிட்டரின் திருத்து மெனுவிலேயே அமைப்பு மெனுவுக்குத் திரும்பும் தேர்வு உள்ளது; கைத்திருத்தங்கள் மொத்தமும் அப்போது போய்விடும். பிளாஸ்மா மெனுவைத் தன் தற்காலிகச் சேமிப்பிலிருந்து படிப்பதால், கோப்புகளைக் கையால் மாற்றிய பிறகு "கேபில்டுசைகோகா6" கட்டளையை இயக்குங்கள். பிளாஸ்மா 5 என்றால் கடைசி எண் 5.

எக்ஸ்எஃப்சிஇயில் மெனுலிப்ரே என்ற மெனு எடிட்டர் நல்ல கருவி. செயலியின் வகைகளைத் தனித் தாவலில் காட்டுகிறது, மறைக்கும் பொத்தானும் உண்டு. அது சேமிக்கும்போது டெஸ்க்டாப் கோப்புகளின் நகல்களை உங்கள் கோப்புறையில் உருவாக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மாற்றம் தெரியாவிட்டால் "எக்ஸ்எஃப்சிஇ4-பேனல் -ஆர்" கட்டளை பேனலை மறுபடி தொடங்கும்.

க்னோமின் செயலிக் கட்டத்தில் வகை மெனுக்கள் கிடையாது, கோப்புறைகள்தான். ஒரு படவுருவை இன்னொன்றின் மேல் இழுத்துப் போட்டால் கோப்புறை உருவாகும். இரண்டுக்கும் பொதுவான வகை இருந்தால் அதையே பெயராக வைக்கும். செயலிகள் தாமாகச் சேரும் கோப்புறை வேண்டுமானால், ஜிசெட்டிங்ஸில் (க்னோமின் அமைப்பு மதிப்புகளை மாற்றும் கட்டளை) "ஆர்க்.க்னோம்.டெஸ்க்டாப்.ஆப்-ஃபோல்டர்ஸ்" என்ற அமைப்பைப் பயன்படுத்த வேண்டும். "ஃபோல்டர்-சில்ட்ரன்" பட்டியலில் புதிய அடையாளப்பெயரைச் சேர்த்து, அந்தக் கோப்புறைக்கு "நேம்", "கேட்டகரீஸ்" மதிப்புகளைக் கொடுங்கள். பட்டியலில் சேர்க்கும்போது பழைய பெயர்களையும் சேர்த்தே எழுத வேண்டும். புதியதை மட்டும் எழுதினால் ஏற்கெனவே இருந்த கோப்புறைகள் மறைந்து, உள்ளே இருந்தவை கட்டத்தில் சிதறும்.

பலிக்காதபோது பார்க்க வேண்டியவை

புதிய மெனு தெரியவே இல்லை. காலியான மெனு காட்டப்படாது என்பதே இயல்புநிலை. ஆகவே முதலில் இன்க்ளூட் விதிக்கு ஒரு செயலியாவது பொருந்துகிறதா என்று சோதியுங்கள். சந்தேகமிருந்தால், கணினியில் நிச்சயமாக உள்ள ஒரு செயலியின் பெயரை ஃபைல்நேம் உறுப்பாகத் தற்காலிகமாகச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால் எக்ஸ்எம்எல் எங்கோ உடைந்திருக்கிறது: மூடாத உறுப்பு ஒன்று இருந்தால் கோப்பு முழுவதுமே படிக்கப்படாது. "எக்ஸ்எம்எல்லின்ட் --நோஅவுட்" பிழை உள்ள வரியைச் சொல்லும்.

மெனு தெரிகிறது, பெயருக்குப் பதில் அகப்பெயர் தெரிகிறது. டைரக்டரி கோப்பு கிடைக்கவில்லை. கோப்பின் பெயரும் மெனு கோப்பில் எழுதிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள்.

ஒரு செயலி மட்டும் எங்கும் வரவில்லை. அதன் டெஸ்க்டாப் கோப்பில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: நோடிஸ்ப்ளே, குறிப்பிட்ட டெஸ்க்டாப்களில் மட்டும் காட்டச் சொல்லும் ஒன்லிஷோஇன், ட்ரைஎக்ஸெக். கடைசி வரியில் சொல்லப்படும் நிரல் கணினியில் இல்லையென்றால் பதிவு மறைக்கப்படும்.

"மற்றவை" மெனு வீங்கிக்கொண்டே போகிறது. வேறெந்த மெனுவும் எடுத்துக்கொள்ளாதவை வந்து சேரும் இடம் அது. பிளாஸ்மாவில் இதன் பெயர் தொலைந்தவை, கிடைத்தவை என்ற பொருளில் இருக்கும். வைன் (விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் இயக்கும் மென்பொருள்) வழியாக நிறுவிய விண்டோஸ் செயலிகளின் எச்சங்கள் இங்கே அதிகம். வைன் தன் பதிவுகளை "அப்ளிகேஷன்ஸ்" கோப்புறைக்குள் "வைன்" என்ற உட்கோப்புறையிலும், "அப்ளிகேஷன்ஸ்-மெர்ஜ்ட்" கோப்புறையில் "வைன்-" என்று தொடங்கும் மெனு கோப்புகளாகவும், டைரக்டரி கோப்புகளாகவும் விட்டுச் செல்லும். வைனை நீக்கினாலும் இவை தங்கும். மூன்று இடங்களிலும் கையால் அழிக்க வேண்டும்.

"அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ்" கட்டளையை இயக்கியும் மெனு மாறவில்லை. அது கோப்பு வகைகளுக்கும் செயலிகளுக்கும் உள்ள தொடர்புப் பட்டியலைத்தான் புதுப்பிக்கிறது. மெனுவோடு அதற்கு வேலையில்லை. "எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-மெனு ஃபோர்ஸ்அப்டேட்" இயக்கிப் பாருங்கள், அல்லது வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் ".கான்ஃபிக்/மெனுஸ்" கோப்புறையைத் தயங்காமல் காலி செய்யலாம். ".லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்" விஷயத்தில் அப்படிச் செய்யாதீர்கள். ஸ்டீம் விளையாட்டுகளின் குறுக்குவழிகள், பிரவுசரிலிருந்து நிறுவிய வலைச்செயலிகள், சில கணினிகளில் எந்தக் கோப்பு எதில் திறக்க வேண்டும் என்ற பழைய பட்டியல் ஆகியவையும் அங்கேயே இருக்கின்றன. கோப்புறையைத் தேதி வாரியாக அடுக்கி, நீங்கள் நகலெடுத்தவற்றையும் எடிட்டர் உருவாக்கியவற்றையும் மட்டும் ஒவ்வொன்றாக நீக்குங்கள்.